காத்திருக்காத ஷெல்

இப்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரனிடம் ஒரு வார்த்தை பேச எவனுக்கும் நேரமில்லை. கண்ணாடிப் பெட்டியின் முன்னால் மட்டும் நாள் முழுக்கக் குந்திக் கிடக்கிறார்கள். நல்லையாவுக்கு அது அடியோடு பிடிக்காது. படித்தவன் சொல்வதில் பாதியைத்தான் நம்புவார். வீட்டுக்குப் போய் அந்தப் பாதியையும் தள்ளிவிடுவார்.

அன்று அந்தியில் பபேடான் பேட்டையில் அந்தத் தெரு முழுக்கக் கரண்டு இல்லை. நடைபாதை ஜெனரேட்டர்களும் டீசல் தீர்ந்து அடங்கிப்போக, சாக்கடை வீச்சமும் மொகிங்கா நூடுல்ஸ் கடையின் மீன் குழம்பு வாசமும் புழுக்கத்தில் கலந்து, அசையாமல் நின்றன. மூன்றாம் மாடி கம்ப்யூட்டர் வகுப்பில் மட்டும் ஒரு திரை எரிந்தது. அங்கேதான் அவருடைய ஒரே மகள் விஜயகுமாரி இருந்தாள். அவளைக் கூட்டிப்போக மரப்படி ஏறினார்.

"கரண்டு இல்லாம எப்படி எரியுது?"

"பேட்டரிப்பா. ஆனா அது எப்பவோ தீர்ந்திருக்கணும்." கன்னத்தில் காய்ந்த தனாக்காப் பூச்சை நகத்தால் சொறிந்துகொண்டே அவள் தட்டினாள். "இந்த ஷெல்லை நாளைக்கு வாத்தியார் சயாகிட்ட ஓட்டிக் காட்டணும்."

"ஷெல்லாவது மண்ணாவது. என்னா செய்யும் அது?"

"ஒரு புரோகிராம் பேரை அடிச்சா, தன்னை மாதிரியே இன்னொண்ணை உண்டாக்கி அதை வேலைக்கு அனுப்பும். அது வேலையை முடிச்சுட்டுச் செத்துப்போகும். மொதல்ல உள்ளது காத்திருந்து அதை அனுப்பி வைக்கணும். இல்லேன்னா செத்தது போகாம நிக்கும்."

"காத்திருக்கச் சொல்லி எழுதினியா?"

"இனிமேத்தான்."

"இப்ப என்ன பேரை அடிக்கிறே?"

"சோதனைக்கு ஒரு புரோகிராம். என் பேரையே வெச்சேன்." சிரித்தாள்.

"உசுரோட இருக்கறவ பேரையா? புத்தி கெட்டவளே!"

அவள் அதையே பல தடவை தட்டிவிட்டாள். "கீழ நில்லுங்கப்பா, பூட்டிட்டு வர்றேன்."

வாசலில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கியது. கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும், கிளிப்பில் சாவி இறங்கும். நல்லையா வெற்றிலையை மென்றபடி நின்றார். செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. குமாரி வந்தாள். கம்பிக் கதவைப் பூட்டி, சிவப்பு நூல் கட்டிய சாவியைப் பைக்குள் போட்டாள்.

"வாங்கப்பா."

கயிறு அசைந்தது.

அவர் முகத்துக்கு நேரே கிளிப் இறங்கியது. அதில் ஒரு சாவி. சிவப்பு நூல்.

"அப்பா!" மேலிருந்து குமாரியின் குரல். "யாரோ கதவைப் பூட்டிட்டாங்க. தொறந்து விடுங்க!"

பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார். அதே தனாக்கா. அதில் அதே நகக் கீறல்.

"காலையில அம்மா எதுக்குத் திட்டினா?" என்று கேட்டார்.

"கோழியை அவுத்து விட்டதுக்கு."

பக்கத்திலும் மேலேயும். ஒரே மூச்சில்.

சாவியை உருவி எடுத்தார். கதவருகே போனார். உள்ளே இருட்டில், மூன்றாவதாக ஒரு குரல்.

"கோழியை அவுத்து விட்டதுக்குப்பா."

அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால்.

சாவியைப் பூட்டில் நுழைக்காமல் நின்றார். எவள் அவர் பிள்ளை? திறந்தால் எத்தனை வரும்?

"காத்திருக்காதீங்கப்பா," என்றாள் வெளியே நின்றவள். அவர் கையைப் பிடித்தாள்.

நடந்தார். ஒரு தடவைதான் திரும்பினார். கம்பி இடுக்கெல்லாம் அவளுடைய விரல்கள். மேலே ஜன்னல் நிறைய அவளுடைய முகம். ஒன்றுகூட இமைக்கவில்லை.

பக்கத்தில் வருகிறவள் தன் மகள் என்று நல்லையா நம்பவில்லை. கையை விடவுமில்லை. மறு கையில் சாவியோடு நடந்துகொண்டே இருந்தார்.