மாடியில் இன்னும் கொஞ்சம்தான்

லாரி வந்து நின்றபோது வாசல் கொடியில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது.

காலையிலேயே காலி செய்து சாவியைக் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்த வீடு. கிளம்பப் போகிறவர்கள் துவைத்துப் பிழிந்து காயவும் போடுவார்களா என்று அவளுக்குள் ஒரு நெருடல். வீடு மாற்றுகிற நாளில் யாருக்குத்தான் புத்தி ஒரு நிலையில் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் அவள். அழுகிற பிள்ளைகளுக்குச் சமாதானம் சொல்லிச் சொல்லி அது நாக்கில் ஊறிப்போயிருந்தது.

"டீச்சர், இறங்குங்க. அரண்மனை வந்தாச்சு" என்றான் புருஷன். லிஃப்ட் மெக்கானிக். கை சும்மா இருக்காது, வாயும் அப்படித்தான்.

கதவைத் திறந்தது வீட்டை விற்ற அக்கா தம்பி இருவரில் அக்காக்காரி. ஐம்பதைத் தாண்டியவள். ஒரு கையில் கரண்டி, தலையில் பாதி வாரின கூந்தலில் செருகிய சீப்பு.

"வந்துட்டீங்களா? இன்னிக்கா வர்றதா சொன்னீங்க?"

"நேத்துகூட ஃபோன்ல பேசினோமேம்மா" என்றான் அவன்.

"ஆமா, ஆமா, பேசினோம். உள்ள வாங்க. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி."

உள்ளே அடி எடுத்து வைத்ததும் பழைய துணியும் எலிமருந்தும் கலந்த மாதிரி ஒரு நெடி மூக்கில் ஏறியது. 'இன்னும் கொஞ்சம்' என்றால் என்ன என்பதும் தெரிந்தது. அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது, கூடத்தில் வாய் பிளந்து கிடந்த அட்டைப்பெட்டிகளில் இஸ்திரிப் பெட்டியும் பாதி கரைந்த சோப்பும் ஒற்றைச் செருப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. அவற்றுக்கு நடுவே தம்பிக்காரர், தலை நரைத்த மனிதர், ஒரு கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டினார், யோசித்தார், அவிழ்த்தார், பிறகு ஒரு பெட்டியிலிருந்து சுவர்க் கடிகாரத்தை எடுத்துப் பழைய ஆணியிலேயே திரும்ப மாட்டினார்.

அப்போதுதான் மேலேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. பெட்டி ஒட்டுகிற டேப்பை உருளையிலிருந்து நீளமாக உரித்து இழுக்கிற சத்தம். கிர்ர்ர்ர்ர். அப்புறம், பல்லால் கடித்து அறுத்த மாதிரி, பட்.

"மேல யாரு?" என்று கேட்டாள்.

"அம்மா" என்றாள் அக்காக்காரி. "அவங்க சாமானை அவங்களேதான் கட்டுவாங்க."

அந்த மாடியறையை அவர்கள் பார்த்ததே இல்லை. வீடு பார்க்க வந்த ஒவ்வொரு தடவையும், அம்மா தூங்குறாங்க என்று படிக்கட்டோடு நிறுத்திவிட்டார்கள். ஒரு ரூம்தானே, ஓடியா போகப்போகுது என்று அவன்தான் சொன்னான்.

லாரி டிரைவருக்குச் சாயங்காலம் வேறொரு லோடு இருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஃபிரிட்ஜையும் பீரோவையும் மெத்தைகளையும் அவளுடைய பாடப்புத்தக மூட்டைகளையும் வாசலிலேயே இறக்கிப் போட்டார். கிளம்பும்போது அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், இவங்க இன்னிக்குக் கிளம்புற மாதிரி எனக்குத் தெரியல. சாமானைத் திரும்ப ஏத்திடவா?" என்றார்.

எங்கே ஏற்றிக்கொண்டு போவது? பழைய வீட்டுச் சாவியைக் காலையிலேயே கொடுத்தாயிற்று. இந்நேரம் அங்கே வேறு யாருடைய கட்டிலோ உள்ளே போயிருக்கும். வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள். லாரி தெருமுனையில் திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

வெயில் இறங்கியது. மேற்கே கருமேகம் கூடியது. உள்ளே எதுவும் நகரவில்லை. அக்காக்காரி தட்டுகளைக் காகிதத்தில் சுற்றுவாள், ஐயோ சாப்பிடத் தட்டு வேணுமே என்று பிரிப்பாள். தம்பிக்காரர் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டே இருந்தார். அது அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அவள் கடுப்பை அடக்கிக்கொண்டு தானும் கூடமாட எடுத்துக் கட்டினாள். அவன் கட்டில் ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கொடுத்தான். கழற்றிய சட்டத்தைத் தம்பிக்காரர் திரும்ப மாட்டப் பார்த்தார்.

"உங்க லாரி எப்பங்க வரும்?" என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"லாரி சொல்லலையே. கார் இருக்கு பின்னால."

"இவ்வளவு சாமானையும் கார்லயா?"

தம்பிக்காரர் அறையைச் சுற்றிப் பார்த்தார், அத்தனை சாமானையும் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர் போல. 

மேலே மட்டும் வேலை நிற்கவே இல்லை. கிர்ர்ர்ர்ர். பட். கொஞ்ச நேரம் எதையோ உருட்டுகிற சத்தம், துணி உரசுகிற சத்தம், மறுபடியும் கிர்ர்ர்ர்ர். அப்படி என்னதான் இருக்கும் ஒரே ஓர் அறையில்? மத்தியானத்திலிருந்து கட்டுகிறாள், ஒரு மூட்டைகூடக் கீழே வரவில்லையே.

அவ்வப்போது அக்காவும் தம்பியும் சேர்ந்து படிக்கட்டின் அடிக்குப் போவார்கள். முதல் படியில் கால் வைக்கமாட்டார்கள். கைப்பிடியைத் தொடவும் மாட்டார்கள். அண்ணாந்து, "அம்மா, ஆச்சா?" என்று குரல் கொடுப்பார்கள். மேலே சத்தம் நிற்கும். ஒரு மூச்சு விடுகிற நேரம் வீடே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். பிறகு, கிர்ர்ர்ர்ர். பட். இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்புவார்கள்.

அவளுக்கு அந்த முகங்களைத் தெரியும். வகுப்பில் தினமும் பார்க்கிற முகங்கள். பென்சில் காணோம், தண்ணி குடிக்கணும், வயிறு வலிக்குது என்று ஏதாவது சொல்லி நேரத்தைக் கடத்துகிற பிள்ளைகள். பயத்தை வெளியே சொல்ல வாய் வராத பிள்ளைகள். இவர்களுக்குக் கட்டத் தெரியாமல் இல்லை. இவர்கள் எதற்கோ காத்திருக்கிறார்கள்.

"உங்க அப்பா?" என்று கேட்டாள். என்னவோ கேட்கத் தோன்றியது.

"அப்பாவும் மேலதான்" என்றார் தம்பிக்காரர்.

"அம்மாவுக்கு ஒத்தாசையா?"

"முதல்ல அப்படித்தான் போனாரு."

அக்காக்காரி அவர் கையை நறுக்கென்று கிள்ளினாள். நரைத்த தலையைக் குனிந்துகொண்டு அவர் மறுபடியும் கத்தரிக்கோலைத் தேடத் தொடங்கினார்.

முதல் தூறல் விழுந்தது. அவன் வாசலுக்கு ஓடிப்போய் மெத்தைமேல் தார்ப்பாயை இழுத்துவிட்டு, நனைந்த தலையோடு உள்ளே வந்தான். முகம் சிவந்திருந்தது.

"இது ஆகிற கதையில்ல. நான் மேல போய் அந்தம்மாவுக்கு ஒரு கை கொடுத்துட்டு வரேன். ரெண்டு மூட்டையை இறக்கினா தானா கிளம்பிடுவாங்க."

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். "வேணாங்க."

"ஏன்?"

ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. "அவங்க அம்மாதானே, அவங்களே போகட்டும்."

"அவங்க போற மாதிரியா இருக்கு? வயசான பொம்பள, டீச்சர். என்னைக் கடிச்சா திங்கப்போறாங்க?"

சிரித்துக்கொண்டே கையை விடுவித்துக்கொண்டான். அவள் மற்ற இருவரையும் பார்த்தாள். அம்மா யாரையும் தொட விடமாட்டாங்க, போகாதீங்க என்று அவர்கள் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாள். ஆனால் அக்காக்காரி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். தம்பிக்காரர் அவனுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்; ஒவ்வொரு படியாக அவை ஏறுவதை.

மேலே கதவு திறந்தது. கதவு சாத்திக்கொண்டது.

டேப் சத்தம் நின்றது.

மத்தியானத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த வீட்டில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்கப்புறம் நடந்தது கண்ணை மூடித் திறப்பதற்குள் நடந்தது. அக்காக்காரி அடுப்பை அணைத்தாள், செருப்பை மாட்டினாள், கைப்பையைத் தோளில் போட்டாள். தம்பிக்காரர் எதையும் தேடவில்லை. பெட்டிகளைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி, நேராகப் பின்வாசலுக்கு நடந்தார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

"சாமானெல்லாம்?" என்றாள் அவள்.

"இருக்கட்டும்மா." வேர்வையில் நனைந்த சாவிக்கொத்து அவள் உள்ளங்கைக்கு வந்தது.

"உங்க அம்மா? என்னங்க இது, அம்மாவை விட்டுட்டா போறீங்க?"

அக்காக்காரியின் முகம் கோணியது. அழுகையா, நிம்மதியா என்று தெரியவில்லை. "அவங்களுக்குத் துணைக்கு ஒரு ஆள் வந்தாத்தாம்மா எங்களை விடுவாங்க. வர்றவங்களை மேல அனுப்ப மனசு வராமத்தான் நானும் தம்பியும் கல்யாணம்கூடப் பண்ணிக்கல. மன்னிச்சிடும்மா." பின்வாசல் படி இறங்கியவள், திரும்பாமலே சொன்னாள். "கூப்பிடுவாங்க. போகாத."

கார் மழைக்குள் போய்விட்டது.

அவள் படிக்கட்டின் அடியில் நின்றாள். வெளிச்சம் கூடத்திலிருந்து வடிந்துகொண்டே இருந்தது. சுவரில் ஸ்விட்சைத் தட்டினாள். எரியவில்லை. பழைய துணி நெடி இப்போது படி வழியாக இறங்கி வந்து அவள் முகத்துக்கு நேரே நின்றது.

"என்னங்க?"

கழுத்தை நீட்டி மேலே பார்த்தாள்.

"அவங்க போயிட்டாங்க. கீழ வாங்க."

மேலே துணி உரசுகிற சத்தம்.

கைபேசியை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். மணி மாடியில் அடித்தது. தெளிவாக அடித்தது. பிறகு ஒரு துணிக்குள்ளிருந்து அடித்தது. கிர்ர்ர்ர்ர். பட். இன்னும் ஆழத்திலிருந்து அடித்தது. கிர்ர்ர்ர்ர். பட். அப்புறம் கேட்கவில்லை. அவள் காதருகே மட்டும் மணி போய்க்கொண்டே இருந்தது.

"என்னங்க, ஆச்சா?" என்று கத்தினாள். கத்திய பிறகுதான், தான் கேட்டது என்ன என்று உறைத்தது.

"இன்னும் கொஞ்சம்தான்."

அவன் குரல். அவன் குரல்தான். ஆனால் அதில் விளையாட்டு இல்லை. டீச்சர் என்ற வார்த்தை இல்லை. தூக்கத்தில் பேசுகிறவனின் தட்டையான குரல்.

வாசல் திறந்துதான் இருந்தது. ஓடியிருக்கலாம். தெருவில் இறங்கி எந்த வீட்டுக் கதவையாவது தட்டியிருக்கலாம். வாசலையும் பார்த்தாள், படியையும் பார்த்தாள். அவனை விட்டுவிட்டு எந்த வாசலைத் தாண்டுவது?

ஏறினாள்.

படிகள் சில்லென்றிருந்தன. கைப்பிடி பிசுபிசுத்தது. பாதியில் ஒரு தடவை நின்றாள். மேலே யாரோ மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். குழந்தைக்குச் சட்டை மாட்டும்போது பேசுகிற பேச்சு. "கையைத் தூக்கு. ஆங். இந்தக் கை."

கதவு. தள்ளினாள்.

ஜன்னலில் மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தவை மூட்டைகள். சுவரை ஒட்டி வரிசையாக. பழைய போர்வைகளில் சுற்றி, டேப் ஒட்டி, நேர்த்தியாகக் கட்டிய மூட்டைகள். எல்லாம் உட்கார்ந்திருந்தன. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலை கவிழ்ந்து. ஓரத்தில் இருந்தது ரொம்பப் பழசு, டேப் மஞ்சளாகிக் காய்ந்திருந்தது. அதன் தலைப்பக்கத் துணி உள்ளே போய், வெளியே வந்தது. உள்ளே. வெளியே. மூச்சு.

நடுவில் அவன்.

தரையில் உட்கார்ந்திருந்தான். இடுப்புவரை போர்வை சுற்றியிருந்தது. யாரும் அவனைக் கட்டவில்லை. டேப் உருளை அவன் கையிலேயே இருந்தது. தானே தன் முழங்காலைச் சுற்றி இழுத்தான். கிர்ர்ர்ர்ர். அவன் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன முகம் முன்னால் வந்தது. சுருங்கிய, வெளுத்த முகம். குனிந்து டேப்பைப் பல்லால் கடித்தது. பட்.

அவள் அவன் பெயரைச் சொன்னாள். அவன் திரும்பவில்லை. அவன் கை நிற்கவில்லை.

கிழவி நிமிர்ந்தாள். அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. பள்ளிவிட்டு வந்த பிள்ளையை வாசலில் பார்க்கிறவளின் பார்வை. மூலையிலிருந்து இன்னொரு போர்வையை எடுத்தாள். இரண்டு கையாலும் உதறினாள். தரையில் விரித்தாள். நான்கு முனையும் இழுத்துவிட்டு, சுருக்கங்களை உள்ளங்கையால் மெல்லத் தடவி நீவினாள். பிறகு அதன் நடுவில் தட்டிக்காட்டினாள்.

பொறுமையாக. மறுபடியும் தட்டினாள்.