பதினான்காம் அறை காலியில்லை

பூட்டுக்காரர் வந்தபோது காலை பதினொரு மணி. வெயில் படியேறி வரவேற்பு மேசை வரைக்கும் வந்திருந்தது. பயப்படுவதற்கு உகந்த நேரமே அல்ல.

"எந்த ரூம் சார்?"

"பதினாலு."

சாவி நன்றாகத்தான் திரும்பியது. கதவுதான் நகரவில்லை. இடுக்கில் ஒரு தகட்டை விட்டுப் பார்த்தவர், என் பக்கம் திரும்பினார்.

"உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு. யாரு இருக்காங்க?"

யாருமில்லை. ஒரு மாதமாக அந்த அறையைப் பூட்டியே வைத்திருந்தோம். ஜன்னலுக்குக் கம்பி உண்டு.

இடுக்கிலிருந்து தலைவலித் தைல வாடை வந்தது.

அது டைப்பிஸ்ட் அம்மாவின் வாடை. ஓய்வு பெற்ற பிறகு நான்கு வருடம் எங்கள் லாட்ஜில்தான் இருந்தார். வேறு போக்கிடம் கிடையாது. எங்கள் ஊரில் ஒரு சட்டம். விடுதியில் ஒருவர் தொடர்ந்து முப்பது நாள் தங்கிவிட்டால், கோர்ட் உத்தரவு இல்லாமல் அவரைக் கிளப்ப முடியாது. எங்கள் முதலாளி சட்டத்துக்கே காது குத்துபவர். இருபத்தெட்டாம் நாள் எல்லாரும் பெட்டியோடு வெளியேற வேண்டும். நான் பதிவேட்டில் 'காலி' என்று எழுதுவேன். மறுநாள் காலை புதிதாகப் பதிவு. அந்த ஓர் இரவை அம்மா ரயில் நிலையத்து பெஞ்சில் கழிப்பார். பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் வைத்ததே இல்லை.

"எடுத்து வச்சு என்ன தம்பி, மறுபடி கட்டணும். ஒரு தடவையாவது முப்பது நாள் முழுசா இருந்து பாக்கணும்" என்பார்.

கடைசியாக வந்த இருபத்தெட்டாம் நாள் அவருக்குக் கடும் காய்ச்சல். எனக்கு மனசு கேட்கவில்லை. வழக்கம்போல 'காலி' என்று எழுதினேன். முதலாளிக்குச் சந்தேகம் வராமலிருக்க அறையை வெளியே பூட்டி, சாவியைப் பலகையில் மாட்டினேன்.

"காலையில வந்து திறக்கிறேம்மா. அதுவரைக்கும் சத்தம் போடாம இருங்க."

தலையாட்டினார்.

அன்று மாலையே அக்காவுக்குப் பிரசவ வலி என்று போன் வந்தது. பக்கத்து ஊருக்கு ஓடினேன். தாய்மாமன் ஆன சந்தோஷத்தில் அம்மாவை மறந்தே போனேன். காலி என்று எழுதிய அறைப் பக்கம் யாரும் போகவில்லை. மூன்று நாள் கழித்து நான்தான் திறந்தேன். கதவோரம் கிடந்தார். நான் திறந்த அன்று விடிந்த பிறகுதான் உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர்.

கதவைத் தட்டியிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள்.

அவர் தட்டவே இல்லை.

"காலி பண்ணிட்டுத் திருட்டுத்தனமா வந்து படுத்திருக்கு" என்றார் முதலாளி. நானும் ஆமாம் போட்டேன். பாவி நான். பெட்டியைப் போலீஸ் எடுத்துப் போனது.

இப்போது முதலாளியே மேலே வந்துவிட்டார். "உடைச்சுத் தள்ளுங்கய்யா. சாயங்காலம் ஆள் வருது."

பூட்டுக்காரர் உளியை வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார்.

"உள்ள யாரோ பேசுறாங்க."

மூன்று பேரும் காது கொடுத்தோம்.

"கோர்ட் ஆர்டர் இருக்கா?"

அடக்கிப் பேசும் மெல்லிய குரல்.

முதலாளிக்கு முகம் வெளுத்தது. "முப்பது நாள் ஆகலையே... காலின்னு எழுதியிருக்கே..."

"தம்பி, புத்தகத்தைப் பாருங்க."

அது எனக்கு.

கீழே ஓடிப் பதிவேட்டைப் பிரித்தேன். உண்மையை எழுதினால் வேலை போகும். ஜெயிலுக்கும் போக வேண்டிவரும். விரல் வைத்து எண்ணினேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. அதற்கடுத்த நாள் விடியும்போதும் அவர் உயிரோடு இருந்திருக்கிறார்.

'காலி'யை அடித்தேன். 'உள்ளேதான் இருந்தார். பூட்டியவன் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேலே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

நான் போய்ப் பார்த்தபோது கதவு திறந்திருந்தது. அறையில் யாருமில்லை. போலீஸ் கொண்டுபோன பெட்டியில் இருந்த அம்மாவின் துணிகள் எல்லாம் அலமாரியில் இருந்தன. அழகாக மடித்து அடுக்கப்பட்டிருந்தன.

முதலாளியும் பூட்டுக்காரரும் படியில் விழுந்தடித்து இறங்கினார்கள். நான் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகுமுன் கதவை மெல்லச் சாத்தினேன். பூட்டவில்லை.

நான்கு அடி நடந்திருப்பேன். உள்ளேயிருந்து யாரோ தாழ்ப்பாள் போட்டார்கள்.