அசைந்தால் மட்டும்

கோடு நேராக இருந்தது. அதுதான் சுஹாஸை முதலில் உறுத்தியது. குளிரறையின் வெப்பத்தை அவன் ஃபோனில் காட்டும் அந்தக் கோடு, கம்ப்ரஸர் ஓடும்போது இறங்கி, நின்றதும் ஏறி, தூங்குகிறவன் மார்பைப் போல எப்போதும் மெல்ல அசைந்துகொண்டே இருக்கும். இன்று ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி முப்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே, ஃப்ரிட்ஜின் குளிரிலேயே, கிடந்தது.

லேபர் டே விடுமுறை வார இறுதி, கொளுத்தும் மத்தியானம். தயிர்சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு, கேட்டியில் இருந்த தன் வீட்டிலிருந்து காரை எடுத்தான்.

ஹில்க்ராஃப்ட் பக்கம், தகனம்வரை உடல்களை வைத்திருக்கும் அந்தச் சின்ன ஃப்யூனரல் ஹோமின் கணினியை அவன்தான் பார்த்துக்கொண்டான். வெப்பத்தை அளப்பது, கம்ப்ரஸரை ஓட்டுவது, சூடேறினால் அலாரம் அனுப்புவது எல்லாமே அந்த ஒரே பழைய பெட்டிதான். குளிரறையில் இப்போது இருந்தது சந்தானம் அங்கிள். ஆபீஸில் அவனுக்கு சீனியர், மாரடைப்பில் போய்விட்டார். விசா ஸ்டாம்பிங்குக்குச் சென்னை போன அவர் மனைவி மீனாக்ஷி அங்கேயே மாட்டிக்கொண்டார். அவர் வந்த பிறகுதான் தகனம்.

"அதுவரைக்கும் முகத்தையாவது பார்த்துண்டு இருக்கேன். அந்த வீடியோ மட்டும் நிக்கவே கூடாதுப்பா," என்று ஃபோனில் அழுதார்.

தலைமாட்டில் ஒரு கேமரா வைத்து, அதற்கு ஒரு ப்ரோக்ராமும் எழுதினான். ஏதாவது அசைந்தால் மட்டும் அது படத்தை மெமரியில் சேர்த்துவைக்கும். அசையாத படத்துக்கு இடமே வேண்டாம். பழைய பெட்டிக்கு அது போதும் என்று நினைத்தான்.

ஃப்ரீவேயில் போகும்போது காரணம் மெல்லப் பிடிபட்டது. மெமரிக்குத் தட்டுப்பாடு வந்தால் கணினி முதலில் சிலவற்றை டிஸ்க்குக்குத் தள்ளும். அங்கேயும் இடம் தீர்ந்தால், ஓடிக்கொண்டிருப்பவற்றில் அதிகம் தின்கிற ப்ரோக்ராமைப் பார்த்துக் கொன்றுவிடும். யாரையும் கேட்காது. ஆனால் இதை மட்டும் தொடாதே என்று ஒன்றைக் காப்பாற்றி வைக்கலாம். மீனாக்ஷி ஆன்ட்டிக்காக அவன் வீடியோவைக் காப்பாற்றி வைத்திருந்தான். அப்படியானால் அது எவ்வளவு தின்றாலும் சாவது மற்றவைதான்.

கட்டிடத்தில் ஆளில்லை. கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. கெட்டுப்போன கறியும், ஊறிய காலுறையும், அதற்கு மேலே தெளித்த ரோஜா சென்ட்டும் கலந்து, மூக்கில் மட்டுமல்ல, நாக்கின் அடியிலும் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டது. சட்டையால் வாயைப் பொத்திக்கொண்டான். கம்ப்ரஸர் சத்தம் இல்லை. குளிரறைக் கதவின் கீழே, தேநீர் நிறத்தில் ஏதோ கசிந்து, ஓரம் காய்ந்து, தோல் கட்டியிருந்தது. அதன்மேல் ஈக்கள். பறக்கக்கூட மனமில்லாத கொழுத்த ஈக்கள்.

ஆபீஸ் அறைக்கு ஓடிக் கணினியைத் தட்டினான்.

நினைத்தது சரி. அலாரம் கொல்லப்பட்டது. வெப்பம் அளப்பது கொல்லப்பட்டது. கம்ப்ரஸரை ஓட்டுவது கொல்லப்பட்டது. கடைசியாகப் படித்த எண்ணையே அவன் ஃபோன் காட்டிக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தது வீடியோ மட்டும். மொத்த மெமரியும் அதன் வயிற்றில்.

அழுகினால் உடம்பு உப்பும். ஈ மொய்க்கும். அசைவுதான். அதைத்தான் தின்றிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பிறகு நேரத்தைப் பார்த்தான்.

வீடியோ வீங்க ஆரம்பித்தது வெள்ளிக்கிழமை. அப்போது கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அறை முப்பத்தெட்டில் இருந்தது. ஈ இல்லை. எதுவும் அழுகவில்லை.

ஆனாலும் படங்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. ஆயிரக்கணக்கில்.

ஃபோன் அடித்தது. மீனாக்ஷி.

"சுஹாஸ், நீ அங்கதான் இருக்கியா? கதவு சத்தம் கேட்ட மாதிரி அவர் திரும்பிப் பார்த்தார்."

சுஹாஸ் குளிரறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். நீ பயந்துண்டு நிறுத்திடுவியோன்னுதான்..." குரல் தழைந்தது. "வெள்ளிக்கிழமைலேர்ந்து என்னமோ சொல்றார்ப்பா. உதடு அசையறது. எனக்குத்தான் புரியலை."

"ஆன்ட்டி, அதைப் பாக்காதீங்க. ஃபோனைக் கீழ வைங்க, ப்ளீஸ்."

"இவ்வளவு கிட்ட இதுவரைக்கும் வந்ததில்லை."

வீடியோவைத் திரையில் திறந்தான்.

ஸ்ட்ரெச்சர் காலி. விரிப்பில் ஓர் ஆளின் ஈர அச்சு. அப்புறம் அதுவும் மறைந்தது. திரை முழுக்க முகம். பச்சையும் கறுப்புமாய். லென்ஸில் கன்னம் அழுந்தி, தோல் கழன்று, கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு. வாய் திறந்தது. மூடியது. உள்ளே நாக்கிருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ நெளிந்து, உதட்டோரம் வழிந்தது.

மறுபடி திறந்தது.

"பாரேன்," என்றார் மீனாக்ஷி, சிரிப்பும் அழுகையுமாக. "சவுண்ட் மட்டும் கொஞ்சம் வெச்சுக் குடேன்பா."

கண்ணாடியில் ஒட்டிய தோலை அப்படியே விட்டுவிட்டு முகம் விலகியது. அந்தத் தோலின் ஊடே, மங்கலாக, உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. இப்போது கேமராவைப் பார்த்து அல்ல. கதவைப் பார்த்து.