முப்பத்தைந்தாம் அட்டை

நான்காம் வகுப்பு ஆ பிரிவில் பிள்ளைகள் முப்பத்துநான்கு பேர். விடை சொன்னவர்கள் முப்பத்தைந்து என்றது ருவைதா டீச்சரின் கைப்பேசி.

திரையைச் சட்டைக் கையில் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தாள். முப்பத்தைந்தேதான்.

"எவடி ரெண்டு அட்டையத் தூக்குனது?"

"நானில்ல மிஸ்!" "இவதான் மிஸ்!" என்று பிள்ளைகள் சொல்லிச் சிரித்தார்கள். எல்லார் கையிலும் ஒரே ஒரு அட்டைதான் இருந்தது.

ஸர்கா ஊரின் மதிய ஷிஃப்ட் பள்ளிக்கு எந்த மகராசன் டேப்லெட் வாங்கித் தரப்போகிறான்? இவர்களுக்கு வாய்த்தது ஆளுக்கொரு காகித அட்டை. நடுவில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள், நாலு ஓரத்திலும் அ, ஆ, இ, ஈ. எந்த எழுத்தை மேலே வைத்துத் தூக்குகிறார்களோ அதுதான் விடை. டீச்சர் கைப்பேசியின் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு வீச்சு வீசினால் போதும், ஒவ்வொரு அட்டையின் மேலும் ஒரு புள்ளியும் பிள்ளையின் பேரும் வந்து நிற்கும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. வருகைப் பதிவும் அதிலேயே ஏறிவிடும். ருவைதா வாயால் பேர் கூப்பிட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. தொல்லை விட்டது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

மறுபடி கேமராவைத் தூக்கினாள். ஏழெட்டு எத்தனை என்ற கேள்விக்கு முன்வரிசையில் பாதிக்குமேல் சிவப்பு. கடைசி பெஞ்சுக்கும் பின்னால், சுவரோரம், மழையில் நனைந்த கோட்டுகள் ஆணிகளில் வரிசையாகத் தொங்கி, மண்ணெண்ணெய்க் கணப்பின் சூட்டில் ஈரக் கம்பளி நாற்றத்தை விட்டுக்கொண்டிருந்த இடத்தில், ஒரு பிள்ளையின் நெஞ்சு உயரத்தில், பேரில்லாமல் வெறும் எண்ணோடு ஒரு பச்சைப் புள்ளி நின்றது. முப்பத்தைந்து. கைப்பேசியைத் தாழ்த்திப் பார்த்தால் அங்கே கோட்டுகளைத் தவிர ஒன்றுமில்லை.

அட்டைக் கட்டு நாற்பதாக வந்தது. மீந்த ஆறையும் அவளே மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தாள். திறந்து எண்ணினாள். முப்பத்தாறு முதல் நாற்பதுவரை இருந்தன.

தலைமையாசிரியை நுஸைபாவிடம் போய்ச் சொன்னாள். அங்கே ஆசிரியைகள் ஒருவரையொருவர் 'சித்' என்று மரியாதை சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

"மெஷின்னா ஆயிரம் கோளாறு இருக்கும் சித் ருவைதா. சதவீதம் ஏறுதா இல்லையா, அதப் பாருங்க."

"இல்லாத பிள்ளை பாஸாகுது சித் நுஸைபா."

"இருக்கிறதுங்கதான் பாஸாகல, அதுவாவது ஆகட்டுமே!" நுஸைபா தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு தேநீரில் சர்க்கரையைக் கலக்கினாள்.

அந்த வாரம் முழுக்க முப்பத்தைந்து ஒரு கேள்வியையும் தவறவிடவில்லை. வியாழக்கிழமை அதற்குப் பேர் வந்தது.

லுஜைன்.

லுஜைன் முதல் பெஞ்சில் இருந்தாள். முன்பல் விழுந்தவள், ஸஅதர் மூலிகைப் பொடி தூவிய ரொட்டியின் வாசத்தோடு வருகிறவள், கேள்வி முடியுமுன் கையைத் தூக்குகிற அவசரக்குடுக்கை. அவள் கையிலிருந்த பன்னிரண்டாம் அட்டையின்மேல் புள்ளியே வரவில்லை. அட்டையைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினாள். அப்போதும் வரவில்லை.

"மிஸ், நான் தூக்கிட்டுத்தான இருக்கேன்?" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

இடைவேளை முடிந்து வந்தபோது, பக்கத்தில் உட்காரும் தாலியா, லுஜைனின் இடத்தில் தன் பையைப் பரப்பி வைத்திருந்தாள். "இங்க யாரும் உக்கார மாட்டாங்களே மிஸ்," என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவளை அதட்டிவிட்டு லுஜைனைக் கூப்பிட வாயெடுத்தாள் ருவைதா. பேர் வரவில்லை. கண்ணெதிரே நிற்கிற பிள்ளை, மூன்று மாதமாகப் பாடம் சொன்ன பிள்ளை. நாக்கின் நுனியில் வெறும் பன்னிரண்டுதான் இருந்தது.

இரண்டு மூச்சு கழித்துப் பேர் வந்துவிட்டது. விடுமுறை நாட்களான வெள்ளியும் சனியும் பயத்திலேயே போயின. சனி இரவு பயம் கோபமாகத் திரும்பியது. யார் வகுப்பில் வந்து யார் பிள்ளையைப் பறிப்பது?

ஞாயிற்றுக்கிழமை பழைய வருகைப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்தாள். ஒவ்வொரு பேராக உரக்கக் கூப்பிட்டாள்.

"லுஜைன் ராமி."

"வந்துட்டேன் மிஸ்."

அரை மூச்சு கழித்துப் பின்னால் கோட்டுகளுக்குள்ளிருந்தும் அதே குரல், அதே விழுந்த பல்லின் காற்றோடு: "வந்துட்டேன் மிஸ்." பிள்ளைகளில் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலேகாலுக்கு மின்சாரம் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கி எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளையும், பிறகு எதிர்வீட்டையும் விழுங்கிவிட்டிருந்தது. கணப்பின் நீலச் சுடர் மட்டும் தரையில் நடுங்கிக்கொண்டிருக்க, எங்கோ காகிதம் காகிதத்தோடு உரசுகிற சத்தம் நின்று நின்று கேட்டது.

"அட்டையை எல்லாரும் கவுத்து வைங்க. ஒருத்தியும் தொடக் கூடாது."

அதற்குத் தெரிந்த பாஷை கேள்வியும் விடையும்தானே? ருவைதா செயலியில் புதுக் கேள்வி ஒன்றைத் தட்டினாள். உனக்கு என்ன வேண்டும்? அ: பாடம். ஆ: மதிப்பெண். இ: லுஜைன். ஈ: ருவைதா.

கேமராவைத் தூக்கினாள்.

ஒரே ஒரு புள்ளி. கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில். இ.

"தப்பு," என்றாள். "முட்டை மார்க்கு உனக்கு."

திரும்பத் தூக்கினாள். மூன்றாம் வரிசை. இ.

"நூறு தரம் கேட்டாலும் தரமாட்டேன். வேணும்னா என்கிட்ட வா."

இரண்டாம் வரிசை. இ.

உரசல் சத்தம் இப்போது பக்கத்தில். ஈரக் கம்பளி நாற்றம்.

"எல்லாரும் எந்திரிங்க! பை வேண்டாம். ஒருத்தி பின்னால ஒருத்தி, சட்டையப் பிடிச்சிக்கிட்டு நேரா கேட்டுக்கு. ஓடாதீங்க. லுஜைன், நீ இங்க வா."

லுஜைன் வந்தாள். சூடான, வியர்த்த, பிசுபிசுப்பான கை. அதை இறுகப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் வெளியேறும்வரை வாசலில் காவல் நின்றாள். வகுப்புக் கதவின் பழைய பூட்டுக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு நொடி லுஜைனின் கையை விட்டாள். சாவியைத் திருகினாள். பூட்டு விழுந்தது. கையை நீட்டினாள், கை வந்து சேர்ந்தது.

நடைவழி நீளம். விளக்கில்லை. முன்னால் போகும் பிள்ளைகளின் காலடிச் சத்தம் மட்டும் பனிக்குள் தேய்ந்துகொண்டே போனது.

"பயப்படாத கண்ணு. மிஸ் இருக்கேன்ல?"

கை மட்டும் கூடவே வந்தது. பாவம், பயந்திருப்பாள்.

பாதி தூரம் வந்தாயிற்று. வாயில்காப்பவள் உம் குஸை கேட்டில் நின்று தலைகளைத் தொட்டு எண்ணுவது கேட்டது. ஊருக்கே கேட்கிற குரல் அவளுக்கு.

"முப்பத்திரண்டு... முப்பத்துமூணு... முப்பத்துநாலு! எல்லாம் வந்தாச்சு மிஸ்! கடைசியா ஓடிவந்த லுஜைன அவங்கம்மா கையோட கூட்டிட்டுப் போயிட்டாங்க. நீங்களும் சீக்கிரம் வாங்க, பூட்டணும்!"

ருவைதா நின்றாள்.

கையில் கை இருந்தது. சின்னக் கை. சூடில்லை. பிசுபிசுப்பில்லை. காகிதம்போல் உலர்ந்து, ஓரங்களில் கூராக.

அது இழுத்தது. கேட்டுப் பக்கம். லுஜைன் போன பக்கம்.

விட்டுவிட்டு ஓடலாம். உடம்பெல்லாம் அதைத்தான் கெஞ்சியது. விட்டால் அது முதலில் போய்ச் சேரும் இடம் எதுவென்று அவளுக்குத் தெரியும்.

காலை அகட்டி ஊன்றினாள். இன்னும் இறுக்கிப் பிடித்தாள். உள்ளங்கை கிழிந்து சூடாக வழிந்தது.

"உம் குஸை!" என்று கத்தினாள். "கேட்டைப் பூட்டு! பிள்ளைங்கள அனுப்பிட்டு வெளியிலேர்ந்து பூட்டிட்டுப் போ!"

"நீங்க, மிஸ்?"

"பூட்டுடின்னா பூட்டு!"

சங்கிலி விழுந்தது. பூட்டு. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

இழுப்பதை அது நிறுத்தியது.

அப்போதுதான் ருவைதா குனிந்து பார்த்தாள். பச்சைச் சீருடை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடுவதுதான். பித்தானெல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தது. காலருக்கு மேல், முகம் இருக்கவேண்டிய இடத்தில், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள். உச்சியில் இ.

கட்டங்கள் அவளை நோக்கி நிமிர்ந்தன. பிறகு, கழுத்து அசையாமல், தலை மட்டும் மெல்ல, காகிதம் உரசுகிற சத்தத்தோடு, கால்வட்டம் திரும்பியது. இ பக்கவாட்டில் இறங்கியது. அவள் தன் பேரை வைத்திருந்த ஈ உச்சிக்கு வந்து நின்றது.

"இப்ப சொன்னது சரி," என்றாள் ருவைதா.

பிடியை விடவில்லை.