பக்கத்து நாற்காலிக்கு ஆள் வருது

மண்ணிவாக்கத்தில் மகிழினியின் காபிக் கடை ஷட்டர் ஏறுவதற்கு முன்பே வாசலில் வரிசை நின்றிருந்தது. ஒவ்வொரு தோளிலும் ஒரு மடிக்கணினிப் பை. யாரும் யாரோடும் பேசவில்லை, யாரும் கொட்டாவி விடவில்லை. அந்த வரிசையில் மூச்சு விடுகிறவர் ஒருவரும் இல்லை என்பதுதான் காரணம். அத்தனையும் நகல்கள்.

ஷட்டர் ஏறியதும் உள்ளே நுழைந்தன. முதல் வேலையாகச் சுவரோரம் குனிந்து பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்தன. அவற்றின் மின்கலம் நாள்கணக்கில் தாங்கும், இருந்தாலும் பார்த்தன. பிறகு ஆளுக்கொரு ஃபில்டர் காபி சொல்லி, வந்த டபராவை முகத்தருகே கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்தன. அதோடு சரி. ஆறிப்போன காபியை எல்லாம் சாயங்காலம் மகிழினி வாளியில் ஊற்றிச் சாக்கடையில் கொட்டுவாள். பால்காரர் பார்த்தால் வயிறு எரிந்துபோவார்.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அலுவலகங்கள் ஒழிந்து, எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று ஆன பிறகு, நிறுவனங்கள் இன்னொரு படி மேலே போயின. ஊழியரின் நெற்றியில் ‘பதிவுப்பட்டை’ என்ற மெல்லிய நாடாவைக் கட்டி, வேலை நேரத்தில் மூளைக்குள் ஓடுவதை எல்லாம் பிடித்து வைத்தன. அதை ஓர் இயந்திர உடலில் ஏற்றினால் பணிநகல் தயார். அசல் ஊழியருக்கு ஒரு பூங்கொத்து, ஒரு தொகை, ஒரு கும்பிடு.

ஆனால் நகல்களைக் கிடங்கில் வரிசையாக உட்கார வைத்தபோது ஒன்றும் வேலை செய்யவில்லை. மரம் மாதிரி இருந்தன. நோண்டிப் பார்த்ததில் விஷயம் வெளியே வந்தது. பதிவு நடந்த நாட்களில் அந்த ஊழியர்கள் எல்லாரும் ஏதாவதொரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். காபி வாசனை, பக்கத்து மேசைச் சலசலப்பு, ஜன்னல் வெளிச்சம் எல்லாம் வேலையோடு சேர்ந்தே பதிவாகிவிட்டன. இதில் எது திறமை, எது வெறும் பழக்கம் என்று பிரித்தெடுக்கப் பெரிய பெரிய நிபுணர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நடக்கவில்லை. மனிதர்களுக்கே அந்த வித்தியாசம் தெரிந்ததில்லை, இயந்திரத்துக்கு எங்கே தெரியப்போகிறது? கடைசியில் நகல்களைக் காபிக் கடைகளுக்கே அனுப்பிவிட்டார்கள். நகரத்துக் கடைகள் நிரம்பி வழிய, அவை நல்ல இடம் தேடிப் புறநகரெங்கும் அலைந்தன.

கடைகளுக்கு மதிப்பெண் போடும் உரிமையும் நகல்களுக்குத்தான். பணியிட வாரியம் என்று ஒன்று முளைத்து, அந்த மதிப்பெண்களை வைத்துப் புறநகர்ப் பட்டியல் தயாரித்தது. பட்டியலில் சரிகிற கடையை வாரியம் எடுத்துக்கொண்டு தானியங்கிக் கடையாக மாற்றிவிடும். வண்டலூருக்கு இந்தப் பக்கம் மனிதர்கள் நடத்தும் கடையாக மிஞ்சியிருந்தது மகிழினியின் கடை ஒன்றுதான். கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அவளுக்கும் புருஷன் நித்திலனுக்கும் வீடு. கடை போனால் வீடும் போயிற்று.

அந்தக் கடைக்கு வாரியத்தின் எச்சரிக்கை வந்திருந்தது. இன்னும் ஒரு படி இறங்கினால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். இறக்குவது யார் என்பதும் இருவருக்கும் தெரியும். ஜன்னலோர மேசையில் உட்காரும் நகல். நகல்களுக்கு முகமும் குரலும் ஒரே அச்சு என்றாலும் இதை மட்டும் அடையாளம் தெரியும். முதலில் வந்து கடைசியில் போகும். ஒரே ஒரு காபி. பக்கத்து நாற்காலியில் தன் பையை உட்கார வைத்துவிடும். நித்திலன் அதற்கு ஜன்னல் ஜமீன்தார் என்று பெயர் வைத்திருந்தான்.

"இன்னிக்கும் எழுதியிருக்குது பாரு," என்று கைப்பலகைத் திரையில் அன்றைய மதிப்பீட்டைக் காட்டினான். "காபி சுமார். கடைக்காரர்கள் முறைக்கிறார்கள். ஒரு வாய் குடிச்சுட்டுச் சொன்னாலாவது பரவாயில்ல. நாக்கே இல்லாததுக்கு வாய்க்கொழுப்பைப் பாரேன்!"

"மெதுவா பேசு நித்தி. கேட்டுடப் போவுது."

"கேக்கட்டுமே. ஒருநாள் இல்ல ஒருநாள் அந்த டிகாஷனைத் தூக்கி அது தலையில ஊத்தல..."

"ஊத்திட்டு எங்க போய்ப் படுப்ப?"

நித்திலன் கைப்பலகையைக் கவிழ்த்து வைத்தான்.

ஜன்னல் நகலுக்கு மகிழினி செய்யாத சேவகம் இல்லை. பஜ்ஜி வாசனை ஆகவில்லை என்றது, சட்டியை இறக்கினாள். மிக்ஸி சத்தம் ஆகவில்லை என்றது, சட்னியை நிறுத்தினாள். குளிர் கூட என்றது, குளிர் போதவில்லை என்றது, இரண்டுக்கும் தலையாட்டினாள். கடைசியில் அது தினகரனிடம் வந்து நின்றது.

தினகரன் பக்கத்துத் தெருக்காரர். மனைவி இறந்த பிறகு வீட்டில் பேச ஆளில்லாமல் தினமும் காலையில் வருவார். கடையில் காபியைக் குடிக்கிற ஒரே வாடிக்கையாளர் அவர்தான். ஏரியில் தண்ணீர் ஏறியது, மாடி வீட்டுக்காரன் வம்பு, முட்டி வலி என்று எதையாவது சத்தமாகச் சொல்லிக்கொண்டே குடிப்பார். ஜன்னல் நகல் மகிழினியைக் கை காட்டிக் கூப்பிட்டது.

"அவரைக் கொஞ்சம் மெதுவா பேசச் சொல்றீங்களா? மீட்டிங்ல இருக்கேன்."

மகிழினி தினகரன் பக்கத்தில் போய் நின்றாள். அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு வராம இருங்களேன்."

"நான் என்னம்மா பண்ணேன்? காபி குடிச்சேன், பேசிட்டிருந்தேன்."

"அதான் அண்ணே. பேசறீங்க."

அவர் கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். மிச்சக் காபியைக் குடித்துவிட்டு, தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். "சரிம்மா. கடை நல்லா ஓடட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கும் ஜன்னல் நகல் எழுதியது அதே வரிதான். காபி சுமார். கடைக்காரர்கள் முறைக்கிறார்கள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், கடை நிறைந்திருந்தபோது புதிதாக ஒரு நகல் நனைந்துகொண்டு உள்ளே வந்தது. உட்கார இடமில்லை என்று திருப்பி அனுப்பினால் அதற்கும் மதிப்பெண் குறையும். நித்திலன் ஜன்னலுக்குப் போனான்.

"சார், அந்தப் பையைக் கொஞ்சம் கீழ வைங்களேன். இவரு உக்காரட்டும்."

"இல்லைங்க, ஆள் வருது."

"யாரு வராங்க? ஷட்டர் தூக்கின நாள்லேர்ந்து வராங்க வராங்கன்னு சொல்றீங்க, ஈ காக்கா வரக் காணோம்!"

மேசை லேசாக ஆடியது. நகல் டிஷ்யூ காகிதம் ஒன்றை உருவி, நாலாக மடித்து, ஓரத்தைக் கிழித்து, குட்டையான மேசைக்காலுக்கு அடியில் செருப்பு நுனியால் தள்ளியது. ஒருமுறை ஆட்டிப் பார்த்தது. பிறகு டபராவை எடுத்துத் தம்ளர் மேல் மூடி வைத்தது.

தட்டோடு வந்த மகிழினி அப்படியே நின்றுவிட்டாள். மடித்த பிறகு ஓரத்தைக் கிழிக்கிற கிறுக்கு உலகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு. தம்ளரை மூடி வைப்பதும் அவள்தான். காபி இன்னும் முடியவில்லை என்று கடைக்காரர் நினைத்துக்கொள்ள வேண்டும், அதற்காக.

அசலின் பெயரை நகலில் எழுதக்கூடாது என்பது சட்டம். அவளுக்குப் பெயர் தேவைப்படவில்லை. கடை வைப்பதற்கு முன், காப்பீட்டுத் தொகை கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று பணிவாகக் கடிதம் எழுதுவது மகிழினியின் வேலை. நெற்றியில் பட்டையோடு அவள் உட்கார்ந்திருந்தது ராஜகீழ்ப்பாக்கத்தில் பெனிட்டா அக்கா கடை. ஒரு காபிக்கு நாள் முழுக்க. பக்கத்து நாற்காலியில் பை. யாராவது கேட்டால், ஆள் வருது. மத்தியானம் ஆனால் பெனிட்டா அக்கா வந்து, "வேற ஏதாச்சும் வேணுமா பாப்பா?" என்பார். எழுந்து போ என்று அந்த அம்மாளுக்குச் சொல்லத் தெரியவில்லை, அதைத்தான் அப்படிக் கேட்டார். மகிழினிக்கு எரிச்சல் வந்தது. காபி சுமார், கடைக்காரம்மா முறைக்கிறார் என்று எழுதினாள். கொஞ்ச நாளில் அந்தக் கடைக்குப் பூட்டு விழுந்தது. பூட்டைப் பார்த்து அவள் பட்ட கவலை ஒன்றே ஒன்று: இனி வேறு கடை தேட வேண்டுமே.

அவள் தட்டை வைத்துவிட்டு நகலுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நிஜமாச் சொல்லு. யாரு வராங்க?"

"யாரும் இல்லைங்க."

"பின்னே ஏன் ஆள் வருதுங்கற?"

"தெரியலைங்க. யாராச்சும் பக்கத்துல உட்கார வந்தா அப்படிச் சொல்லணும்னு தோணுது."

"காபி சுமார்னு எழுதறியே. குடிச்சுப் பார்த்தியா?"

"இல்லைங்க. கடைக்காரங்க என்னைப் பார்த்தா அப்படி எழுதத் தோணுது."

அதன் திரையை அவள் எட்டிப் பார்த்தாள். கடிதம் எதுவும் இல்லை. படப்பையில், ஊரப்பாக்கத்தில், கூடுவாஞ்சேரியில் இருக்கும் காபிக் கடைகளின் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதுவும் சரிதான். அவள் அந்த நாட்களில் காலை பூராவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். சாயங்காலம் அவசர அவசரமாக நாலு கடிதம் தட்டுவாள். அதற்குப் பெயர் திறமை என்று நிறுவனம் நம்பியது, அவளும் நம்பினாள்.

அவள் எழுந்து அடுக்களைக்கு வந்து நித்திலனைக் கூப்பிட்டாள். "நித்தி, அது நான்."

"எது?"

"ஜன்னல்ல உக்காந்திருக்கிறது. டிகாஷனை ஊத்தறேன்னியே, என் தலையில ஊத்து."

நித்திலன் கொஞ்ச நேரம் ஜன்னலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "அதானே பார்த்தேன்," என்றான் மெல்ல. "குளிர் கூட, குளிர் கம்மின்னு ரெண்டும் சொல்ற ஆளு எனக்கு வேற யாரையும் தெரியாதே!" அவளுக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது.

ஆனால் விடை கையில் கிடைத்துவிட்டது. அதற்கு என்ன பிடிக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அதற்கு வேண்டியது நல்ல காபி இல்லை, வெளிச்சம் இல்லை. தன்னை யாரும் பார்க்கக்கூடாது. ஒரு காபிக்கு ஒரு நாளை விழுங்குகிறோம் என்கிற உறுத்தல், கடைக்காரர் முகத்தைப் பார்த்தால்தான் குத்தும். முகமே இல்லாவிட்டால்?

அன்றே கல்லாவை மறைத்துத் திரை கட்டினார்கள். சுவரில் ஒரு பொந்து போட்டு, காபி அதன் வழியாகத் தானாக வருகிற மாதிரி தள்ளினார்கள். கடை திறந்திருக்கும்வரை இருவரும் வெளியே தலைகாட்டவில்லை. இருமல் வந்தால் மகிழினி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். திரைக்குப் பின்னால் ஜாடையிலேயே சண்டை போட்டார்கள், ஜாடையிலேயே சமாதானம் ஆனார்கள். சொந்தக் கடைக்குள் திருடர்கள் மாதிரி வாழ்ந்தார்கள்.

பலித்தது. ஜன்னல் நகல் எழுதியது: "அருமையான இடம். தொந்தரவு செய்ய மனிதர்களே இல்லை." மற்ற நகல்களும் அதையே வழிமொழிந்தன. மண்ணிவாக்கம் கடை பட்டியலில் மளமளவென்று ஏறி முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. நித்திலன் சத்தமில்லாமல் அவளைத் தூக்கிச் சுற்றினான். மகிழினி கேசரி கிளறினாள்.

"நாளைக்கு மொத வேலையா தினகரன் அண்ணனைக் கூப்பிடணும்," என்றாள். "திரைக்கு இந்தப் பக்கம் உக்காந்து பேசட்டும். மெதுவா பேசச் சொல்லிக்கலாம்."

மறுநாள் வந்தது வாரியத்தின் உத்தரவு. கடை முதலிடம் பெற்றதற்குக் காரணம் மனிதர்கள் இல்லாமைதான் என்று உறுதியாகியிருப்பதால், அந்தச் சிறப்பை நிரந்தரமாக்கும் பொருட்டு, தற்போது உள்ளே இருக்கும் இரு மனிதர்களும் வெளியேற வேண்டும். "வருந்துகிறோம். உங்கள் ஒத்துழைப்பை என்றும் நன்றியுடன் நினைவுகூர்வோம்" என்று முடிந்திருந்தது. அந்தக் கடைசி வரியை மகிழினி இரண்டு முறை படித்தாள். அவளுடைய வரி. வீடு எரிந்தவருக்கும், கால் போனவருக்கும் அதையேதான் எழுதுவாள். வாரியம் கடிதம் எழுதும் வேலையை அவளுடைய பழைய நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. திரைக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரத்தில், முந்தின சாயங்காலம் நகல் அவசரமாகத் தட்டிய நாலு கடிதங்களில் அது ஒன்றாக இருந்திருக்கும்.

"நாசமாப் போக!" என்றான் நித்திலன், முதல்முறையாகச் சத்தம் போட்டு. அவன் யாரைச் சொன்னான் என்று மகிழினி கேட்கவில்லை.

படப்பையில் நித்திலனின் அண்ணன் வீட்டு மொட்டை மாடிக் கொட்டகையில் குடியேறினார்கள். அங்கிருந்து ஒருநாள் மகிழினி தனியாக மண்ணிவாக்கம் வந்தாள். அத்தனை வருஷத்தில் தன் கடையில் ஒரு வாடிக்கையாளராக உட்கார்ந்து அவள் ஒரு காபி குடித்ததில்லை. ஒருமுறை குடித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். வழியில் தினகரன் வீடு பூட்டிக் கிடந்தது. எங்கே போனார் என்று கேட்கத் தெருவில் யாரும் இல்லை.

திரையை எடுத்துவிட்டிருந்தார்கள். மறைக்க இனி யாரும் இல்லையே. பொந்து வழியாகக் காபி வந்தது. மேசைகள் எல்லாம் நிறைந்திருந்தன. ஒரே ஒரு நாற்காலியில் மட்டும் ஆள் இல்லை, ஒரு பை இருந்தது. மகிழினி ஜன்னலோரம் போய் நின்றாள்.

"இங்க உட்காரலாமா?"

நகல் தலையைத் தூக்கவில்லை.

"இல்லைங்க, ஆள் வருது."

யாரும் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்த அளவு உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. ஆனாலும் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சுவரோரம் ஒதுங்கி, நின்றபடியே குடித்தாள். காபி நன்றாகத்தான் இருந்தது.