மேஸ்திரிக்கு விஷம் வைத்தது யார்?

காலை ஏழு மணி. தையல்கடை வாசலில் மேஸ்திரி மயங்கிக் கிடந்தது. மேஸ்திரி என்பது நாய். தெருவில் யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர்.

தையலக்கா போட்டது போட்டபடி அதைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார். அங்கிருந்து நேராகக் காவல் நிலையம்.

"நாய்க்கு யாரோ கொஞ்சம் கொஞ்சமா விஷம் வைக்கறாங்க மேடம். யாரோ என்ன, என் கூடப்பிறந்த தம்பிதான்."

பெண் இன்ஸ்பெக்டர் அப்போதுதான் தைராய்டு மாத்திரையை விழுங்கியிருந்தார். அரை மணி நேரத்துக்குக் காபி கிடையாது. அந்த எரிச்சலிலேயே விசாரணை தொடங்கியது.

மேஸ்திரிக்குத் தோலில் அரிப்பு வந்து முடி கொட்டியபோது, மருத்துவரைக் கேட்டு அக்கா பச்சை இறைச்சிக்கு மாற்றியிருந்தார். எவ்வளவு கறி, எவ்வளவு ஈரல், எவ்வளவு எலும்பு என்று எல்லாம் கணக்கு. இரண்டு வருடம் நாய் ராஜா மாதிரி இருந்தது. சமீபத்தில்தான் இளைக்கத் தொடங்கியது. கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கும் தம்பி லாரி டிரைவர். பச்சைக்கறி வாடையே அவனுக்கு ஆகாது. 'நாயா, நானா, ஒண்ணு முடிவு பண்ணு' என்று அவன் கத்தியதைத் தெருவே கேட்டிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போனார். மருத்துவரிடமிருந்து திரும்பிய நாய் நிற்கத் தெம்பில்லாமலும் ஓயாமல் நடந்துகொண்டே இருந்தது. விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சாப்பாட்டுத் தட்டோ வழித்து நக்கப்பட்டிருந்தது. மார்பில் கை வைத்தார். தையல் மிஷினை முழு வேகத்தில் மிதித்தது போல இதயம் ஓடியது. ரத்தத்தில் விஷம் எதுவும் தெரியவில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

தம்பி முறைப்பாக வந்து நின்றான்.

"நாயைப் பிடிக்காதா?"

"நாயைப் பிடிக்கும். அது சாப்பிடறதுதான் பிடிக்காது."

"வீட்டை விட்டு எப்பவாவது போனியா?"

"போன மாசம் லோடு ஏத்திட்டு வெளியூர். பத்து நாள்."

அந்தப் பத்து நாளும் நாய் இப்படித்தான் தூங்காமல் திரிந்ததா என்று அக்காவைக் கேட்டார். திரிந்ததாம். ஏற்கெனவே வைத்த விஷம் உடம்பில் தங்கியிருக்கும் என்பது அக்காவின் வாதம்.

"நடுவுல எப்பவாவது தேறினானா?"

"ரெண்டு வாரம் நல்லா தேறினான் மேடம். இவன் கைக்கு எட்டாம ரூமுக்குள்ளயே பூட்டி வச்சிருந்தேன். இவன் அப்ப ஊர்லதான் இருந்தான்."

"அந்த ரெண்டு வாரமும் அதே கறிதானா?"

"கறிதான். ஆனா வழக்கமா வாங்கற கறிக்கடையில பெயிண்ட் வேலை நடந்துச்சு. அதனால வேற கடையில வாங்கினேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு அந்தக் கறிக்கடைக்குக் கிளம்பினார்.

கறிக்கடைக்காரர் பதறிப்போனார். கெட்டுப்போன கறி என்று புகார் வந்துவிட்டதாக நினைத்துக் குளிர் அறையைத் திறந்து காட்டினார். எல்லாம் அன்றைய கறி, சுத்தமான கறி.

"மேஸ்திரிக்கு நான் கெடுதல் பண்ணுவேனா மேடம்? கொஞ்ச மாசம் முன்னாடி இந்த அறைக்குள்ள மாட்டிக்கிட்டு நான் விறைச்சுக் கிடந்தப்ப, கதவைப் பிறாண்டி, ஊரையே கூட்டினது அவன்தான். அன்னிலேர்ந்து அவனுக்குன்னு தனியா எடுத்து வைக்கறேன். அக்கா வாங்கற கறியோட கலந்து கொடுத்துடுவேன். காசு வாங்கறதில்ல."

"எதை எடுத்து வைக்கறீங்க?"

"கழுத்துல, மூச்சுக்குழலை ஒட்டினாப்பல மெத்துனு இருக்குமே, அதை. எல்லா ஆட்டுலயும் எடுத்துச் சேர்ப்பேன்."

இன்ஸ்பெக்டரின் கை தன்னையறியாமல் தன் தொண்டைக்குப் போனது. மருத்துவருக்குப் போன் செய்தார். இன்னொரு ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றார்.

முடிவு வந்த மாலை, மூவரையும் தையல்கடையில் உட்கார வைத்தார்.

"விஷம் வச்சது தம்பி இல்ல. இவர்." கறிக்கடைக்காரரைக் காட்டினார். "ஆனா அது விஷம்னு இவருக்கே தெரியாது."

ஆட்டுக்கும் தொண்டையில் தைராய்டு சுரப்பி உண்டு, அந்த மெத்தென்ற கறியோடு அதுவும் சேர்ந்து வந்துவிடும் என்று விளக்கினார். தினமும் அதைத் தின்ற நாய்க்கு ஆட்டின் தைராய்டு சுரப்பு ரத்தத்தில் ஏறியிருந்தது.

"நான் போடற மாத்திரையும் அதே சரக்குதான். ஒருமுறை தெரியாம ரெண்டு ரெண்டா முழுங்கிட்டேன். நெஞ்சு படபடப்பு, தூக்கம் கிடையாது, தின்னுக்கிட்டே இளைச்சேன். எனக்குப் பேய் பிடிச்சிருக்குன்னே எங்க வீட்டுக்காரர் முடிவு பண்ணிட்டார். அந்தக் கறியை நிறுத்துங்க. பிழைச்சுக்குவான்."

கறிக்கடைக்காரர் முகத்தை மூடிக்கொண்டார். தையலக்கா எழுந்து போய் அவர் கையைப் பிடித்தார். "அழாதீங்கண்ணே. நீங்க மனசார கொடுத்தீங்க. யாரும் அவனைக் கொல்லப் பார்க்கலேன்னு தெரிஞ்சதே எனக்குப் போதும்."

தம்பி மட்டும் விருட்டென்று எழுந்து படியேறிப் போனான்.

சில வாரங்கள் கழித்து இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் போனபோது கடைக்குள் எட்டிப் பார்த்தார். அக்கா உதட்டில் விரல் வைத்தார். மேசைக்கடியில் மேஸ்திரி நான்கு காலையும் பரப்பிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. விலா எலும்பு தெரியவில்லை. அக்கா மிஷினைத் தொடாமல் தரையில் உட்கார்ந்து கையால் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்து ஊசியும் நூலுமாக இரு கையையும் கூப்பினார். கண் நிறைந்திருந்தது.

எதிரே தம்பி நின்றுகொண்டு, குரலை அடக்கிச் சண்டை போட்டான். "கூடப்பிறந்தவனைப் போய்க் கொலைகாரன்னு ஸ்டேஷன்ல சொல்லியிருக்கே. சும்மா விடுவேன்னு நினைக்காதே."

"விடாதடா. எவ்வளவு வேணா திட்டு. உனக்கு இல்லாத உரிமையா? இப்பத்தான் கண்ணசந்தான், கொஞ்சம் பொறுத்துத் திட்டு."

தம்பி வாயைத் திறந்தான். நாயைப் பார்த்தான்.

"எழுந்திரிக்கட்டும், வச்சுக்கறேன்" என்று கிசுகிசுத்துவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தான்.