ஆதன் எழுதிய பேய்க் கதை

செவ்வாய்க் கிரகத்தின் தென்கூடக் குடியிருப்பில் ஹாலோவீன் என்னும் பேய்த் திருநாள் வாரம் பிறந்தால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயம் என்றால் என்னவென்று படம் போட்டு விளக்குவார்கள். கடலைப் பார்த்திராத அந்தப் பிள்ளைகளுக்குக் கடலை விளக்குவது மாதிரிதான் அதுவும். கேட்டுக்கொள்வார்கள், தலையாட்டுவார்கள், மறந்துவிடுவார்கள்.

அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஓர் அச்சத்தணிப்பியைப் பதித்துவிடுவது சட்டம். முன்பொரு முறை யாரோ பதறிப்போய்த் தவறான கதவைத் திறந்ததில் ஒரு தெருவே மூச்சின்றிச் செத்திருந்தது. பூமியிலிருந்து வந்த பெரியவர்களுக்கு மட்டும் தணிப்பி கிடையாது. வளர்ந்த மூளை அதை ஏற்பதில்லை. ஆகவே பிள்ளைகள் பேய்க் கதை எழுதிப் படிப்பார்கள், பெரியவர்கள் பயப்படுவார்கள். அரங்கின் இருக்கைதோறும் பொருத்திய நடுக்கமானிகள் அந்தப் பயத்தை அளக்கும். அதிகம் நடுங்கவைத்த பிள்ளைக்கு, எல்லாப் பெற்றோரும் ஏங்கும் மேல்தளப் பள்ளியில் இடம் கிடைக்கும்.

நிறைமதிக்கு ஒரு வருடமாக இதே கவலைதான். அவள் மகன் ஆதனுக்குப் பேய்க் கதை வரவில்லை. பியூலா டீச்சர் கொடுத்த பயிற்சித்தாளில், 'இருட்டில் கதவு தானாகத் திறந்தது. அப்போது...' என்ற வரியை முடிக்கச் சொல்லியிருந்தார்கள். 'நான் மூடினேன்' என்று எழுதிவிட்டு அவன் விளையாடப் போய்விட்டான். ஒத்திகைக்கு எழுதிய கதையில் பேய் பசியோடு வந்தது; ஆதன் அதற்குத் தன் தட்டிலிருந்த உப்புமாவைக் கொடுத்தான்; சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனது. டீச்சருக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. நடுக்கமானி அசையவே இல்லை.

கணவன் அருள்வேல் பனிச் சுரங்கத்தில் வேலை பார்த்தான். வார இறுதியில் வந்தவனிடம் அவள் புலம்பியபோது, பையன் நன்றாகத்தானே இருக்கிறான், விட்டுவிடு என்றான். அவன் சுரங்கத்துக்குத் திரும்பியதும் அவள் ஆதனைக் கூட்டிக்கொண்டு, தணிப்பிகளைப் பழுதுபார்க்கும் ரொசாரியோவைத் தேடிப் போனாள். ஒரு நாளைக்கு மட்டும் ஆதனுடையதை அணைத்துவைக்க முடியுமா என்று கேட்டாள். சட்டம், தண்டனை என்று ஆரம்பித்தவர், படிப்பு விஷயம் என்றதும் அதை அணைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆதனைக் காற்றடைப்பு அறைக்குள் அனுப்பிக் கதவைப் பூட்டினாள். வெளிவாசலுக்குப் போகும்முன் காற்றழுத்தத்தைச் சரிசெய்யும் சின்ன அறை அது. விளக்கை அணைத்தாள். ஒலிபெருக்கியில் பேசினாள்.

"ஆதன், உள்ள காத்து தீந்துட்டிருக்கு. கதவு திறக்கல."

கொஞ்ச நேரம் உள்ளிருந்து பாட்டு கேட்டது. பிறகு பாட்டு நின்றது. பிறகு அவன் அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தான். அவன் அப்படிக் கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை. கை தானாகக் கதவுப் பொத்தானுக்குப் போனது. இப்போது திறந்தால் பட்டதெல்லாம் வீண் என்று தோன்றவே, கையை எடுத்துக்கொண்டாள். உள்ளே காற்றுக்கு ஒரு குறையும் இல்லை. அதை அவள் திரும்பத் திரும்பச் சரிபார்த்தபடியே இருந்தாள்.

தட்டும் சத்தம் ஓய்ந்த பிறகுதான் திறந்தாள். நனைந்த கால்சட்டையோடு மூலையில் ஒடுங்கிக் கிடந்தவனைத் தூக்கி, துடைத்து, முத்தம் கொடுத்து, மேசை முன்னால் உட்காரவைத்தாள்.

"மறக்கறதுக்குள்ள எழுதிடு கண்ணா."

ஹாலோவீன் அன்று அரங்கு நிறைந்திருந்தது. அட்டைப் பூசணி முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஆதன் படித்தான். தணிப்பி மறுபடி வேலை செய்துகொண்டிருந்ததால் குரலில் சிறு நடுக்கம்கூட இல்லை.

"எங்கள் வீட்டுப் பேய்க்குப் பல் இல்லை. நகம் இல்லை. அதற்கு அம்மாவின் குரல். காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பேய் சொன்னது. நான் அம்மா அம்மா என்று கூப்பிட்டேன். பேய் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றது. அது மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அது கதவைத் திறக்கவில்லை."

நடுக்கமானிகள் உச்சம் தொட்டு அங்கேயே நின்றன. பியூலா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். நிறைமதி இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் எழுந்து, இந்த வயதில் இவ்வளவு உண்மையான எழுத்தைத் தாம் படித்ததில்லை என்று சொல்லி, முதல் பரிசை அறிவித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

வெளியே வந்தபோது பெற்றோர்கள் கூட்டமாக அவளை நோக்கி வந்தார்கள். ஏசப்போகிறார்கள், காவலரைக் கூப்பிடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நிறைமதி ஆதனின் தோளைப் பிடித்தாள். முன்னால் வந்த பெண் அவள் கையைப் பற்றிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"எவ்வளவு நேரம் உள்ள வச்சிருந்தீங்க?"

சுற்றி நின்ற எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். நிறைமதி நிமிர்ந்து நின்றாள்.

"உங்க பிள்ளைக்கு என்ன வயசு?"

"ஆறு முடியப்போகுது."

"இப்பவே லேட்டுங்க. நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க."